இடது குழலில் சந்தனம்

சின்யோரா,

இன்று காலை என் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள இரும்புச் சாமான் கடையில் வாங்கிய சின்னத் தகரப் போத்தல். மூடியைத் திறந்ததும் உங்கள் குசினி மேசை மணத்தது. பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் துவக்கைக் கழற்றி வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு நீங்கள் துடைத்துக்கொண்டிருப்பீர்களே, அந்த மணம். தைக்கவென்று எடுத்த துணியை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆறு வருடத்தில் எங்கள் ஆமாவான ‘ஓம்’, ‘போதும்’ என்ற இரண்டு சொல்லைத்தான் பிடித்தீர்கள். அதையும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். எனக்கோ இத்தாலியனில் கடைச் சாமான் பட்டியல் எழுதத்தான் தெரியும். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் சொன்னவையும் என் நினைவில் எங்கள் தமிழில்தான் வருகின்றன.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம் வன்னியிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவள் நான். உங்கள் வீட்டு வேலைக்கு வந்த முதல் கிழமையே ஓடப் பார்த்தேன். நான் விறாந்தையைத் துடைத்துக்கொண்டிருக்க, நீங்கள் தலையில் அகலத் தொப்பி, கணுக்கால் வரை பாவாடை, இடுப்பில் தோல்பட்டி, கையில் இரட்டைக் குழல் துவக்கு என்று அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். வாளியைத் தட்டிவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. என் உடம்பு அவ்வளவு வேகமாக மடங்கும் என்று எனக்கே தெரியாது. நீங்கள் மருந்துக் கடை நடத்தி ஓய்வெடுத்தவர், கணவரை இழந்தவர், பழைய அமெரிக்கக் கௌபாய்களைப் போல உடுத்துக்கொண்டு இரும்புத் தகடுகளைச் சுட்டு விழுத்தும் போட்டிகளுக்குப் போகிறவர் என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

அன்று நீங்கள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் ஈரத் தரையில் வந்து குந்தினீர்கள். துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, குழல்களை யன்னல் பக்கம் திருப்பி, “பார், வெளிச்சம் தெரியுதோ? தெரிஞ்சால் உள்ளுக்கை ஒண்டும் இல்லை” என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் துவக்கோடு இருக்கும் நேரம் நான் அறைக்குள் வந்தால், அதைத் திறந்து வெளிச்சத்தைக் காட்டிவிட்டுத்தான் உங்கள் வேலையைத் தொடர்வீர்கள். ஒருநாளும் தவறியதில்லை. என் கணவருக்கு மட்டும் அந்த வீடு பிடிக்கவே இல்லை. “துவக்குக்குத் தப்பி வந்து துவக்குள்ள வீட்டிலையோ வேலை?” என்பார். வெளிச்சம் காட்டுகிற கதையைச் சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார்.

நீங்கள் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உரிமம் இல்லாதவள் துவக்கைத் தொடக்கூடாது. அலமாரித் தூசியைக்கூட நீங்களே தட்டுவீர்கள்.

அது உங்கள் அப்பாவின் துவக்கு. எலுமிச்சைத் தோட்டங்களுக்குக் காவல் இருந்தவர் அவர். மரப்பிடியின் அடிப்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பேனாக் கத்தியால் கோணல்மாணலாகக் கீறி வைத்திருந்தார். சுடுவதற்கு முன் உங்கள் விரல் ஒருமுறை அந்த இடத்தைத் தடவும். துவக்கின் மேலே காதுகள் மாதிரி இரண்டு குதிரைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டு விசையை அழுத்தினால், குதிரை பாய்ந்து ஒரு சின்ன ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும், வெடிக்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மலைப்பக்கத்துப் பழைய கல்குழியில் நடக்கும் போட்டிகளுக்கு உங்களோடு வந்து, தண்ணீர்ப் போத்தலும் நான் பொரித்த ரோல்ஸ் பெட்டியும் சுமந்துகொண்டு நின்று பார்த்ததுதான்.

அங்கே எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வேண்டும். உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னபோது காளி என்றேன். காளி யார் என்று கேட்டறிந்து, மகிழ்ந்து, அதையே பதிந்தீர்கள். மற்றவர்கள் அது கலிபோர்னியாவின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நாம் இருவரும் திருத்தப் போகவில்லை.

இனி, நான் செய்த கூத்து.

நவராத்திரிக் கடைசி நாளில் உங்கள் வீட்டுச் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். ஸ்திரிக்கைப் பெட்டி, தூசி உறிஞ்சும் மெசின், மிக்சி, உங்கள் சின்னச் சிவப்புக் காரின் ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் பொட்டு. முதல் வருடம் இது என்ன என்று கேட்டீர்கள். “உழைக்கிற சாமானுக்கு ஒருநாள் மரியாதை, சின்யோரா” என்றேன். “அப்ப எனக்கில்லையோ?” என்று நெற்றியை நீட்டினீர்கள். பொட்டோடேயே வங்கிக்குப் போய் வந்தீர்கள்.

மூன்றாம் வருட ஆயுத பூசையன்று நீங்கள் துவக்கைத் துடைத்துக் குசினி மேசையில் வைத்திருந்தீர்கள். கத்தானியாவிலிருந்து தங்கை தொலைபேசியில் கூப்பிட, கதைக்க அறைக்குள் போனீர்கள். துவக்கைப் பூட்டாமல் நீங்கள் போனது அந்த ஒருநாள்தான். என் கையில் சந்தனக் கிண்ணம். ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் ஒன்று மேசையில் கிடக்க, அதை விட்டுவிட்டுத் தூசி உறிஞ்சும் மெசினுக்குப் பொட்டு வைப்பது எந்த ஊர் நியாயம் என்று தோன்றியது. எனக்குத் துவக்கிடம் ஒரு பழைய கணக்கும் இருந்தது. அதன் இரண்டு குதிரைகளுக்கும், அவற்றின் அடியில் ஊசி நுழையும் இடத்துக்கும், நன்றாகக் குழைத்த சந்தனத்தை வைத்து, “கலைமகளே, இது தகட்டைத் தவிர ஒருத்தரிலும் படக்கூடாது” என்று வேண்டினேன்.

உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. ஈரத் துணியால் அவசரமாகத் துடைத்தேன். வெளியே இருந்தது போய்விட்டது. இடப்பக்கத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளுப்பட்டதை என் விரல் உணர்ந்தது. உணர்ந்தும் பேசாமல் மிக்சியைத் துடைக்கப் போனேன்.

அடுத்த போட்டியில் வலது குழல் வெடித்தது. இடது ‘டக்’ என்றது. வேறு தோட்டா போட்டீர்கள், மறுபடியும் ‘டக்’. தகடுகள் வரிசையாக நின்றன. கலைமகள் என் வேண்டுதலை அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டாள். ரோல்ஸ் பெட்டியோடு நின்ற எனக்கு அந்த இடத்திலேயே விசயம் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். அந்த மாதம் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில், இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “வாயைத் திறவாதை. வன்னிக்காரி துவக்கைத் தொட்டவள் எண்டு ஒரு பொலிசின்ரை காதிலை விழுந்தால் காணும். கடைக்காரன் திருத்திக் குடுப்பான், விடு.” அவர் சொன்னதால் நான் விட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கும் அந்தப் பயம் வசதியாக இருந்தது.

பொலித்தியாமா அரங்கின் பக்கத்தில் இருந்த முதல் துவக்குக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றார். உங்களைப் பார்த்து, “கணவர் வரவில்லையா?” என்று கேட்டார். “அவர் சவக்காலையிலை. போய்க் கூட்டி வரட்டோ?” என்றீர்கள். அதன் பிறகும் அவர் துவக்கின் குறையை உங்களிடம் கேட்கவில்லை, அவரே சொன்னார். குதிரையை உந்துகிற இரும்பு வில் பழசாகிவிட்டதாம், குதிரை பலமாக அடிக்கவில்லையாம். ஒரு மாதம் வைத்திருந்து கடினமான புது வில் போட்டுத் தந்தார். இடது குழல் இன்னும் ‘டக்’ என்றது. குதிரையை இழுக்க முன்னைவிட இரண்டு மடங்கு பலம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் மாற்றம். உங்கள் பெருவிரல் மூட்டு வீங்கியது. திரும்பப் போனபோது அவர் துவக்கைத் தொடாமலே, “இனி இது துவக்கின் பிழை இல்லை, சின்யோரா. கைக்கும் வயது உண்டு” என்றார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாமவரின் கடை மொண்டெல்லோ போகும் வழியில். அவர் உங்களை ‘கண்ணே’ என்று கூப்பிட்டார். தோட்டாதான் சரியில்லை என்றார். துவக்கு வந்ததுதான் வந்தது, கொஞ்சம் அழகுபடுத்தித் தருகிறேன் என்றார். திரும்பி வந்தபோது குழல் கறுத்து மினுங்கியது, மரம் கண்ணாடி போல் இருந்தது. நீங்கள் பிடியைத் திருப்பிப் பார்த்தீர்கள். உங்கள் அப்பா கீறிய எழுத்துகள் இல்லை. சொரசொரத்த கடதாசி போட்டுத் தேய்த்துவிட்டார். “பழைய கீறல் ஒன்று கிடந்தது, அதையும் எடுத்துவிட்டேன்” என்று பெருமையாக வேறு சொன்னார். நீங்கள் துவக்குப் பெட்டியைப் பூட்டினீர்கள். காரில் அழுதீர்கள். நான் உங்களுக்குக் கைக்குட்டை எடுத்துத் தந்தேன்.

இடது குழல் அதற்குப் பிறகும் வெடிக்கவில்லை.

பிறகு மாசி மாதம் வந்தது. காலையில் நீங்கள் குசினியில் இருந்து ஒரு ரப்பர்ப் பந்தை அமுக்குவீர்கள். கையை விரித்துப் பார்ப்பீர்கள், மூடிப் பார்ப்பீர்கள். உப்புப் போத்தல் மூடி திறக்க ஏலாமல் போனால் உங்கள் முகம் மாறும். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடத் தொடங்கினீர்கள். காரை மெதுவாக ஓட்டினீர்கள், பின்னால் வருபவர்கள் ஹோன் அடித்தார்கள். ஒருநாள் தொப்பியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, “சித்திரைப் போட்டிக்கு நான் பேர் குடுக்கேல்லை. கை போட்டுது. உரிமத்தையும் திருப்பிக் குடுக்கப் போறன்” என்றீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். “ஓய்வெடுங்கோ, சின்யோரா” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றாமவரிடம் நீங்கள் திருத்தப் போகவில்லை. விற்கலாமா என்று கேட்கத்தான் போனீர்கள். போர்கோ வெக்கியோச் சந்தையில், மீன் தட்டுகளைத் தாண்டி, ஒரு ஒடுக்கமான பட்டறை. ஐம்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. மற்ற இருவரும் கேட்காததை அவர் கேட்டார். “சுடும்போது என்ன சத்தம் கேட்டது? எந்தக் குழல்? செய்து காட்டுங்கள்.” வெற்றுத் தோட்டா தந்து, உங்களைச் சுடச் செய்து, பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார். பிறகு, “உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை” என்றார். நீங்கள் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அவர் சின்னத் திருகாணி ஒன்றைக் கழற்றி இடது ஊசியை வெளியே எடுத்தார். அதன் கழுத்தில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. தைக்கும் ஊசியால் சுரண்டி, விரலில் தேய்த்து, மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். “இது எண்ணெய் இல்லை. வாசமாக இருக்கிறது. இது என்ன?” என்று விரலை உங்கள் மூக்கருகே கொண்டுவந்தார்.

நீங்களும் மணந்து பார்த்தீர்கள். மூன்று வருடம் உங்கள் நெற்றியில் நான் வைத்த வாசம். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

“என்ரை கை கிறீம்” என்றீர்கள் அவரிடம்.

அவர் நம்பினாரோ தெரியாது. நாங்கள் பார்த்திருக்க ஊசியைக் கழுவி, பழைய வில்லுக்கு ஈடான மெல்லிய வில் ஒன்று தேடிப் போட்டு, உங்களை இழுத்துப் பார்க்கச் சொன்னார். உங்கள் பெருவிரல் இலகுவாக இழுத்தது.

துறைமுகப் பக்கம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தினீர்கள். “எப்ப?” என்றீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, ஈரத் துணி, பெர்மெஸ்ஸோ, இவர் சொன்னது, முதல் போட்டியிலேயே எனக்குத் தெரிந்தது. நீங்கள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“தொட்டதுக்கு நான் கோவிக்கேல்லை. பூட்டாமல் போனது நான். அப்பான்ரை எழுத்தை அழிச்சது அந்த மடையன். அதுவும் நீயில்லை.” குரல் அதுவரை நிதானமாகத்தான் இருந்தது. “நாலு மாதமா என்ரை கையைப் பாத்துப் பாத்து அழுதனான். கை செத்துப்போச்செண்டு நினைச்சன். அடுத்தது மூளையெண்டு நினைச்சன். அது என்ரை கை இல்லையெண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீ. நீ எனக்குப் பக்கத்திலை நிண்டு தேத்தண்ணி ஊத்தினனி.”

மன்னியுங்கோ என்று பத்துத் தரம் சொல்லியிருப்பேன். நீங்கள் காரைக் கிளப்பினீர்கள்.

ஒன்பது நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. “வெங்காயம் முடிஞ்சுது”, “யன்னலைச் சாத்து”, அவ்வளவுதான். என்னை நிறுத்திவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். நிறுத்தினால் நல்லது என்றும் சில நேரம் தோன்றியது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் குசினிக்குள் வந்தபோது நீங்கள் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கை துவக்கை மடித்துத் திறந்து, குழலை யன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தைக் காட்டியது. நான் போய் மலசலகூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள், “பேர் குடுத்திட்டன். ரோல்ஸ் செய். உறைப்பைக் குறை” என்றீர்கள்.

சித்திரைப் போட்டியில் எல்லாத் தகடுகளும் விழுந்தன. திறந்து, வெறும் தோட்டாக்களை உதறி, புதிதாக இரண்டு போட்டு, மூடி, இழுத்து, சுட்டு. உங்களைவிட இருபது வயது இளையவர்கள் கை தட்டினார்கள். ஆனால் தொடங்குவதற்கு முன் உங்கள் விரல் பிடியின் அடியில் அந்த எழுத்தைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். வழுவழுத்த மரத்தில் அது கொஞ்ச நேரம் அங்குமிங்கும் தடவிவிட்டு விலகியது. பிறகொரு நாள், கீறித் தர ஆள் பிடிக்கட்டா என்று கேட்டேன். “அப்பா கீறினதை அப்பாதான் கீறவேணும்” என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகும் மூன்று வருடம் சுட்டீர்கள். ஆயுத பூசைக்கு நெற்றியை நீட்டினீர்கள். துவக்கை மட்டும் முதல்நாளே பூட்டிவிட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டு, எனக்குத் தெரியும்படி ஆட்டிக் காட்டினீர்கள். நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் ‘மன்னிச்சிட்டன்’ என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே இல்லை. கடைசி மாரியில் நெஞ்சில் சளி பிடித்து ஆசுபத்திரியில் கிடந்தபோது, இன்று சொல்வீர்கள், நாளை சொல்வீர்கள் என்று கட்டிலருகே இருந்தேன். நீங்கள் என் ரோல்ஸைப் பற்றியும் ஆசுபத்திரிச் சூப்பைப் பற்றியும் சொன்னீர்கள், அந்தச் சொல்லைச் சொல்லாமலே கண்ணை மூடினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கேட்டிருக்கக்கூடாத ஒன்றுதான் அது.

இப்போது வேறு வீட்டில் வேலை. ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர், தனியாக இருக்கிறார். வேலை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அது இல்லாமல் இந்த முறை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. அவருடைய மகள் முதல் நாளே, மருந்துப் பெட்டியில் கைவைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன கிழமை மத்தியானம் வேலை முடிந்து வெளிக்கிடும்போது அவர் மகளோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். “குளிசைப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. என் தம்பிக்கும் மறதி நோய் இப்படித்தான் தொடங்கியது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கமாக இருந்தது. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான், காலையில் அலமாரித் தட்டைத் துடைக்கும்போது ஒரு பெட்டியைத் தூக்கி மாத் தகர டின்னுக்குப் பின்னால் வைத்தது ஞாபகம் வந்தது.

நாளைக்கு முதலில் போய் எடுத்து மேசையில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பஸ் ஒரு தரிப்பிடம் போகும்வரை அப்படித்தான் நினைத்தேன், சின்யோரா, உங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். பிறகு ஓடினேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் அதற்குள் வந்திருந்தார். கையில் மருத்துவர் ஒருவரின் விலாசம் எழுதிய துண்டு. எழுத்தர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார். மூச்சு வாங்க வாங்க அவர் முன்னால் நின்று, “நீங்க மறக்கேல்லை. நான்தான் எடுத்து வைச்சனான்” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன்.

“உண்மையாவோ?” என்றார்.

ஓம் என்றேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். நான்தான் என்று இன்னொருமுறை சொன்னேன்.